தனக்கொடி வாசலுக்கு வந்த வண்டி

எங்கள் தும்பிச்சேரியில் முப்பத்தெட்டு வருஷம் ஒரே இடத்தில் நின்று துருவேறிப்போன ஒரு பழைய புல்லட், கியர் பாக்ஸைப் பிரித்து மாட்டிய மறுநாள் காலை பத்து மணிக்கு, ஓட்டியவர் கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தப் பக்கம் போகாமல், பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மாவு மில்லைத் தாண்டி, குறுக்கே வந்த கோழிகளுக்கு வழிவிட்டு, மில் லைன் மூன்றாவது சந்துக்குள் நுழைந்து, தனக்கொடி வீட்டு வாசலில் வந்து தானாக நின்றது. நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பார்த்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனோம். ஏனென்றால் பார்த்துவிட்டுப் போவதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஓட்டி வந்தவர் மெக்கானிக் அருளப்பன். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசினால் அன்று அவருக்குக் காய்ச்சல் என்று ஊரில் சொல்வார்கள். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நாலு மாவட்டத்திலிருந்து அவரைத் தேடி வருவார்கள். அவரும் வருகிறவர் முகத்தைப் பார்க்கமாட்டார், வண்டியைத்தான் பார்ப்பார். மனுசனிடம் கேட்டால் ஒன்று கூட்டிச் சொல்வான் அல்லது குறைத்துச் சொல்வான், பல் சக்கரத்துக்கு அது தெரியாது என்பது அவர் கட்சி.

வண்டி, டி.எஸ்.பி.யாக ஓய்வு பெற்று மாலை மரியாதையோடு செத்துப்போன தர்மராசனுடையது. அவர் எங்கள் ஊரில் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் அந்தப் புல்லட்டின் சத்தம் தெருமுனையில் கேட்டாலே ஆம்பிளைகள் பீடியை அணைப்பார்கள். ஒரு நாள் அது திடீரென்று கியர் இறுகி நின்றுவிட்டது. இழுத்துப்போய் மாட்டுக்கொட்டகையில் போட்டார். பிறகு ஜீப் வந்தது, பதவி வந்தது, பதக்கம் வந்தது. இப்போது அவர் மகன் ஆதிகேசவன் ஊரில் பெரிய மனிதர், கல்யாண மண்டபத்தின் சொந்தக்காரர். பழைய மில் ரோட்டுக்கு ‘டி.எஸ்.பி. தர்மராசன் சாலை’ என்று பெயர் வைக்கப் பேரூராட்சியில் தீர்மானம் போட்டு, ஒருவர்கூட வாய் திறக்காமல் நிறைவேறிவிட்டது. பெயர்ப்பலகை திறக்கும் நாளில் அப்பாவின் வண்டியில் ஊர்வலத்துக்கு முன்னால் போகவேண்டும் என்று ஆதிகேசவனுக்கு ஆசை.

மினி லாரியிலிருந்து இறக்கியபோது பின்சக்கரம் சுற்றவே இல்லை. அருளப்பன் செயினைக் கழற்றினார், கிளட்சைக் கழற்றினார், கியர் பாக்ஸ் மூடியின் திருகுகளை ஒவ்வொன்றாக இளக்கித் திறந்தார். உள்ளே எண்ணெய், ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி கறுத்து இறுகிக் கிடந்தது. இரண்டாவது கியரும் மூன்றாவது கியரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு வண்டி ஒரே சமயத்தில் இரண்டு வேகத்தில் போகமுடியாது, அதனால் போகமாட்டேன் என்று நின்றிருக்கிறது. கியரைத் தள்ளிவிடும் ஃபோர்க் வளைந்திருந்தது. அதை நிமிர்த்தினால் நிற்காது என்று புதிதாக வாங்கினார். தேய்ந்த புஷ்களுக்குப் பதில் வெண்கலத்தில் கடைந்து வாங்கினார். பேரிங் எல்லாம் மாற்றினார். பல் சக்கரங்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து, வெள்ளைத் துணியில் வரிசை மாறாமல் பரப்பி, பிசிர் தட்டிய இடங்களை உப்புத்தாளால் நீவி, மறுபடி ஷாஃப்டில் கோர்த்து, தடித்த காகிதத்தில் பேக்கிங் வெட்டி ஒட்டி, மூடி, எண்ணெய் ஊற்றினார். பதினோரு நாள் ஆயிற்று. காலால் மேலே தூக்கினால் முதல் கியர், கீழே மிதிக்க மிதிக்க இரண்டு, மூன்று, நான்கு. பூட்டில் சாவி விழுகிற மாதிரி ஒவ்வொன்றும் விழுந்தது.

அப்படிப்பட்ட கியர் பாக்ஸோடுதான் அது மூன்றாவது சந்துக்கு வந்து நின்றது.

தனக்கொடி அப்போது கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடச் சத்துணவில் இருபத்தாறு வருஷம் சமைத்து ஓய்வு பெற்றவள், அறுபது வயதிலும் நடையில் வேகம் குறையாதவள். சத்தம் கேட்டதும் சாம்பல் கையோடு வாசலுக்கு வந்தாள். அருளப்பனைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்சீட்டைப் பார்த்தாள். யாரும் இல்லாத அந்தச் சீட்டை, இறங்க நேரம் எடுத்துக்கொள்ளும் ஆளுக்குக் காத்திருப்பது போல, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அருளப்பன் கிக்கரை உதைத்தார், ஸ்டார்ட் ஆகவில்லை. சந்து முனைவரை தள்ளிப்போய் உதைத்தார், ஸ்டார்ட் ஆனது. ஏறி உட்கார்ந்தார், திரும்பி அவள் வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. கடைசியில் பட்டறைவரை தள்ளிக்கொண்டே போனார்.

அன்றே கியர் பாக்ஸை மறுபடி பிரித்தார். குறை ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பழைய பல் சக்கரங்கள் எதற்கு என்று எட்டையும் எடுத்துவிட்டுப் புதிது போட்டார். மறுநாள் வண்டி தனக்கொடி வாசலில் நின்றது. ஷாஃப்ட் இரண்டையும் மாற்றினார், தனக்கொடி வாசலில் நின்றது. கியர் பாக்ஸின் வெளிக்கூட்டையே மாற்றிவிட்டு வேறொரு வண்டியின் கூட்டைப் பொருத்தினார், தனக்கொடி வாசலில் நின்றது. தபால்காரர் ஓட்டிப் பார்த்தார். பக்கத்து ஊரிலிருந்து பந்தய வண்டி ஓட்டுகிறவர் வந்து, கையுறையெல்லாம் மாட்டிக்கொண்டு, பைபாஸ் ரோட்டில் நேராக எண்பதில் விட்டார். எண்பதில் போய் எண்பதிலேயே திரும்பி, மாவு மில் பக்கத்தில் நிதானப்பட்டு, தனக்கொடி வாசலில் நின்றது. கடைசியில் ஆதிகேசவனே வந்து ஏறினார். அவர் அப்பா மாதிரியே முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்து, அதே வாசலில் வந்து நின்றார். தனக்கொடி கதவருகில் நின்று பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. கைப்பேசியில் டிரைவரைக் கூப்பிட்டு, காரில் ஏறிப் பட்டறைக்குப் போய், அருளப்பனைப் பார்த்து, கியர் பாக்ஸ் ரிப்பேர் செய்யத் தெரியாத ஆளெல்லாம் எதற்குப் பட்டறை வைத்திருக்கிறாய் என்று கத்திவிட்டுப் போனார்.

நாங்கள் பழகிக்கொண்டோம். எங்களுக்கு எதுவும் பழகிவிடும். முதல் வாரம் ஆளாளுக்கு விளக்கம் சொன்னோம். பிசிக்ஸ் வாத்தியார் எங்கள் ஊர் ரோடு எல்லாம் மூன்றாவது சந்தை நோக்கிச் சரிந்திருக்கிறது என்றார், ஜோசியர் திசை என்றார், வீடியோ எடுக்க வந்த பிள்ளைகள் அந்த வீட்டுக்கு அடியில் காந்தக்கல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது வாரம் அது ஒரு சவுகரியமாகிவிட்டது. மூன்றாவது சந்தில்தான் ரேஷன் கடை இருக்கிறது. அரிசி வாங்கப் போகிறவர்கள், முட்டி வலிக்காரர்கள், போகிற வழியில் போனில் பேசவேண்டியவர்கள் எல்லாம் அருளப்பன் பட்டறைக்கு வந்து, அண்ணே வண்டி சும்மாதானே நிற்குது, ஒரு எட்டு போய்ட்டு வந்துர்றேன் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கைப்பிடியைப் பிடிக்கவே வேண்டியதில்லை. ஓட்டத் தெரியாதவர்கள்கூடப் போனார்கள். தனக்கொடி வாசலில் இறங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்கு நடந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அருளப்பன் வந்து வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

இத்தனை விளக்கம் சொன்ன நாங்கள், எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு விளக்கத்தை மட்டும் சொல்லவில்லை. அதை இங்கே சொல்லிவிடுகிறேன், முப்பத்தெட்டு வருஷம் கழித்தாவது.

தனக்கொடியின் புருஷன் மருதையன் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். ஒரு நாள் பஞ்சு அடிக்கும் மிஷினின் பெல்ட்டில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் சடை மாட்டி, தலைத்தோலோடு பிய்ந்து வந்துவிட்டது. பெல்ட்டுக்குத் தடுப்புக் கம்பி போடும்வரை உள்ளே போகமாட்டோம் என்று தொழிலாளிகள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான் கோரிக்கை, ஒரு கம்பி. எல்லோருக்காகவும் பேசப் போனது மருதையன், ஏனென்றால் அவருக்குத்தான் பேசும்போது குரல் நடுங்காது. மூன்றாம் நாள் மத்தியானம், அவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, இன்ஸ்பெக்டர் தர்மராசன் புல்லட்டில் வந்து இறங்கினார். கேட்பதற்கு இரண்டு கேள்வி இருக்கிறது, அரைமணி நேரத்தில் நானே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று தனக்கொடியிடம் சொல்லி, பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போனார். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஈரக் கையைத் துடைக்கத் துண்டு எடுத்துக்கொண்டு வருவதற்குள் வண்டி போய்விட்டது.

அந்த அரைமணி நேரம் இன்னும் முடியவில்லை.

ஸ்டேஷனில் போய்க் கேட்டபோது அப்படி ஒரு ஆளை அழைத்துவரவே இல்லை என்றார்கள். மேலே எழுதிக் கேட்டபோது, அழைத்துவரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் குதித்துத் தப்பி ஓடிவிட்டார் என்று பதில் வந்தது. ஒரே ஆபீசிலிருந்து வந்த இரண்டு காகிதம். அழைத்துவரவே இல்லாத ஆள் எப்படித் தப்பி ஓட முடியும் என்று கேட்க ஊரில் ஒரு நாதி இல்லை. மருதையனைத் தலைமறைவுக் குற்றவாளி என்று எழுதி வைத்தார்கள். கொஞ்ச நாளில் ஸ்டிரைக் முடிந்தது, எல்லோரும் வேலைக்குப் போனார்கள். அவர் பம்பாயில் இருக்கிறார், கேரளாவில் வேறு குடும்பம் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டதை நாங்களும் நாலு பேரிடம் சொன்னோம். அவள் காதுபடவே சொன்னோம். நம்புவதற்காகச் சொல்லவில்லை, நிம்மதியாகத் தூங்குவதற்காகச் சொன்னோம்.

வண்டி வர ஆரம்பித்து ஒரு மாதம் ஆனபோது, ரேஷன் கடைக்கு வந்த யாரோ ஒரு அம்மாள் அதன் விளக்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் எலுமிச்சம்பழம். அதற்கு மறுநாள் மாலை. வெளிநாட்டுக்குப் போய்த் தகவல் இல்லாத மகனுக்காக ஒருத்தி வேண்டிக்கொள்ள, அன்று சாயங்காலமே போன் வந்ததாம். அதோடு கூட்டம் பிடித்துவிட்டது. பெயர்கூட வைத்தாயிற்று, ‘திரும்பிவரும் சாமி’ என்று. காணாமல் போன மாடு, காணாமல் போன தோடு, காணாமல் போன புருஷன்மார் எல்லாவற்றுக்கும் அங்கே வந்து கற்பூரம் ஏற்றினோம். எதிரே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், உன் ஆள் என்ன ஆனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளைப் பூசாரியாக உட்காரச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் பேசி, மஞ்சள் புடவை ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு போனோம். போனவர்களில் நானும் ஒருவன்.

தனக்கொடி தட்டைப் பார்த்தாள். எழுந்து வந்து வண்டியிலிருந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கடையில் போட்டாள். குடத்தைத் தூக்கி வந்து விளக்கிலும் டாங்கிலும் இருந்த குங்குமத்தைக் கழுவினாள். குடத்தைக் கீழே வைத்த பிறகுதான் பேசினாள்.

“சாமியாக்கிட்டா கும்பிட்டுட்டுப் போயிரலாம்ல. சாமிகிட்ட யாரும் விசாரணை பண்ணமாட்டாங்க. எனக்கு இது சாமியா வேணாம். வண்டியாவே இருக்கட்டும்.”

நாங்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டோம். சாமி குத்தம் ஆகிவிடும் என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தோம்.

பெயர்ப்பலகை திறக்கும் நாள் வந்தது. ஆதிகேசவன் புத்திசாலி; இந்தத் தடவை வண்டியை மினி லாரியில் ஏற்றி மில் ரோட்டு முனைக்குக் கொண்டுவந்து இறக்கினார். அங்கிருந்து பலகைவரை நூறு அடிதான், நேர் ரோடு, திருப்பமே கிடையாது. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு பெரிய போலீஸ் அதிகாரி சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். முன்னால் பேண்டு வாத்தியம், பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் நாங்கள். அதிகாரியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, போட்டோக்காரர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஆதிகேசவன் கிக்கரை உதைத்தார். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. முதல் கியர் விழுந்தது. வண்டி பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பியது.

பேண்டுக்காரர்கள், ஊர்வலம் அந்தப் பக்கம்தான் போலிருக்கிறது என்று வாசித்துக்கொண்டே பின்னால் ஓடினார்கள். பேண்டின் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளின் பின்னால் நாங்கள். மாவு மில்லைத் தாண்டி, மூன்றாவது சந்துக்குள் மொத்த ஊரும் நுழைந்து, தனக்கொடி வாசலில் நின்றது. வாத்தியம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. அதிகாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கப் பார்த்தார்.

“இறங்காதீங்க” என்றாள் தனக்கொடி. சத்தம் போடவில்லை. “அந்த இடத்துலதான் எங்க வீட்டுக்காரர் உக்காந்து போனாரு. அரைமணி நேரத்துல கொண்டாந்து விட்டுர்றேன்னு இவுங்க அப்பா சொன்னாரு. வண்டி வந்துருச்சு. அவரு எங்க?”

அதிகாரி, யாருடைய வீட்டுக்காரர், எப்போது என்று ஆதிகேசவனிடம் கேட்டார். ஆதிகேசவனுக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் குரல் தடுமாறவில்லை. பொய்யை மனப்பாடம் செய்து வளர்ந்த வீடு அது. “அதெல்லாம் பழைய கதை சார். எங்கப்பா கூட்டிட்டு வரும்போது பஸ் ஸ்டாண்டுல குதிச்சு ஓடிட்டான். ஊருக்கே தெரியும். வேணும்னா இவுங்களைக் கேளுங்க” என்று எங்களைக் கைகாட்டினார்.

அதிகாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். முப்பத்தெட்டு வருஷமாகத் தர்மராசன் குடும்பத்துக்கு இருந்த ஒரே சாட்சி எங்கள் மௌனம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தனக்கொடி படியிறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயசில் அவள் கையால் சாப்பிட்ட எங்கள் பிள்ளைகளையும் பார்த்தாள்.

“வண்டிக்கு வாய் இல்ல. அதான் தினம் வந்து நிக்குது. உங்களுக்கு என்ன கேடு?”

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து அருளப்பன் வந்தார். கையில் எண்ணெய்த் துணி இருந்தது. அதைத் தோளில் போடுவதா கீழே போடுவதா என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, கடைசியில் கையிலேயே வைத்துக்கொண்டு, அதிகாரியிடம் பேசினார். அவர் அவ்வளவு பேசி நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை.

“அன்னைக்கு இந்த வாசல்ல வண்டி ஸ்டார்ட் ஆகலைங்க சார். எனக்கு இருபது வயசு, டீக்கடை முன்னால நின்னேன். வாடா, தள்ளுடான்னாரு இன்ஸ்பெக்டரு. ரெண்டாவது கியருல போட்டு உக்காந்தாரு. நான்தான் தள்ளுனேன். மருதையண்ணே பின்னால திரும்பிப் பாத்து, ‘பாத்துடா, விழுந்துராத’ன்னாரு. வண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கமே போகல. ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள்ள போச்சு. கேட்டு மூடுற வரைக்கும் ரோட்டுல நின்னு பாத்தேன்.”

அப்புறம் அவர் தனக்கொடியின் பக்கம் திரும்பினார். “தள்ளாம இருந்திருக்கலாம்க்கா” என்றார்.

அவள் அவரை மன்னிக்கவில்லை. மன்னித்தாள் என்று பிற்பாடு எங்கள் ஊரில் சிலர் சொன்னது பொய். “இப்பவாவது சொன்னியே” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தாள்.

அடுத்த ஆள் டீக்கடை லூர்து. எழுபத்தைந்து வயது. அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு டீ கொண்டுபோனபோது, மருதையன் சட்டை இல்லாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்ததையும், தண்ணீர் கேட்டதையும், கொடுக்கவேண்டாம் என்று போலீஸ்காரர்கள் தடுத்துவிட்டதையும் சொன்னார். சொல்லி முடித்து அங்கேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் பூ விற்கும் ஒருத்தி சொன்னாள், மில்லில் கணக்கு எழுதினவர் சொன்னார். ஒருவர் சொல்லச் சொல்ல அடுத்தவருக்கு நாக்கு இளகியது. பதினேழாவதாகச் சொன்னவன் நான்.

எங்கள் வீடு அன்றைக்கு ஸ்டேஷனின் பின்சுவரை ஒட்டி இருந்தது. சத்தம் கேட்டது. மாலைச் செய்தி ஆரம்பிக்கும்போது கேட்டது, செய்தி முடிந்து பாட்டு வரும்போதும் கேட்டது. நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் பார்த்தால், அந்தச் சத்தம் நின்றிருந்தது. இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஆதிகேசவன் எப்போது போனார் என்று தெரியாது. வண்டியை விட்டுவிட்டுப் போய்விட்டார். அதிகாரி, எழுத்து மூலம் கொடுங்கள், ஆவன செய்கிறேன் என்று சொல்லிக் காரைத் தேடினார். முன்பு இப்படி நாற்பத்தொரு மனு எழுதியவள் தனக்கொடி. அந்த வார்த்தைக்கு அவள் சிரிக்கக்கூட இல்லை. தபாலில் போட்டது போதும், இன்றைக்கு நேரில் கொடுக்கிறேன் என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து, தன் மடியில் வைத்தே எழுதினாள். பதினேழு பேரும் கையெழுத்துப் போட்டோம். லூர்து மட்டும் கைநாட்டு வைத்தார்.

எழுதி முடித்ததும் அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, வண்டியின் பின்சீட்டில், ஒரு பக்கமாகக் கால் தொங்கப்போட்டு ஏறி உட்கார்ந்தாள். அருளப்பன் தயங்கினார். இந்த வாசலில் இது ஸ்டார்ட் ஆகாது என்பது அவருக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்கும் தெரியும். தனக்கொடி அவர் முதுகைப் பார்த்து, உதைப்பா என்றாள். உதைத்தார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. முதல் கியர் விழுந்தது. வண்டி சந்து முனைக்குப் போய், பிரித்து மாட்டிய பிறகு ஒரு நாளும் போகாத பக்கம், ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் திரும்பியது. நாங்கள் பின்னால் நடந்தோம். பேண்டுக்காரர்கள் வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நடந்தார்கள்.

பெயர்ப்பலகையைச் சுற்றியிருந்த துணியை இன்றுவரை யாரும் அவிழ்க்கவில்லை. வெயிலில் கிழிந்து தொங்குகிறது. மருதையன் கேஸ் மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. திறந்ததோடு சரி, வாய்தாவுக்கு மேல் வாய்தா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நாங்கள் பதினேழு பேரும் போய் நிற்கிறோம். இரண்டு பேர் செத்துப்போனார்கள், இப்போது பதினைந்து. வண்டி இப்போதெல்லாம் ஓட்டுகிறவர் திருப்பினால் திரும்புகிறது. எப்படிச் சரிபண்ணினீர்கள் என்று கேட்கிறவர்களிடம் அருளப்பன், நான் ஒன்றும் பண்ணவில்லை என்கிறார், அது உண்மைதான்.

ஆனால் அன்றைக்கு ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்லவேண்டும். வண்டி காம்பவுண்டுக்குள் போய்ப் படிக்கட்டை ஒட்டி நின்றது. தனக்கொடி இறங்கி உள்ளே போனாள். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் நின்றோம். மேஜையில் உட்கார்ந்திருந்த ரைட்டர் சின்ன வயதுக்காரர், வெளியூர். இவ்வளவு கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோய், படிவத்தை எடுத்து வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார். பெயர் கேட்டார், சொன்னாள். வயது, சொன்னாள். முகவரி, சொன்னாள். கணவர் பெயர் கேட்டார். மருதையன் என்று, ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். ரைட்டர் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

“கணவர் இருக்காராம்மா, இல்லையா?”

தனக்கொடி மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள்.

“அதை நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் வந்திருக்கேன். எழுதுங்க.”